கடிதம் எழுதாதீர்கள்: அமினா லவால் வழக்கு

2003 மே மாதம் நைஜீரியாவிலிருந்து ஒரு விநோதமான வேண்டுகோள் வந்தது. லாகோஸில் இயங்கும் பாவோபாப் என்ற பெண்ணுரிமை அமைப்பு அதை வெளியிட்டது. (பாவோபாப் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஆனைப்புளிய மரம்தான்.) அமினா லவால் என்ற பெண்ணைக் கல்லெறிந்து கொல்லும்படி தீர்ப்பு வந்திருக்கிறது, அவரைக் காப்பாற்றுங்கள் என்று உலகம் முழுக்க மின்னஞ்சல்கள் பறந்துகொண்டிருந்த நேரம் அது. கையெழுத்துப் போட்டவர்களின் எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டியிருந்தது. பாவோபாபின் ஆயிஷா இமாமும் சிண்டி மெடார்-கூல்டும் அவர்கள் எல்லோருக்கும் சொன்னது இதுதான்: தயவுசெய்து நிறுத்துங்கள்.

அமினாவின் வழக்கில் அக்கறையில்லாதவர்கள் பேசிய பேச்சல்ல இது. மேல்முறையீட்டுக்குத் துணை நின்ற வட்டத்திலிருந்தே வந்தது. உயிர் போகும் நிலையில் இருக்கும் ஒருத்திக்காகக் குரல் கொடுக்காதே என்று அவளுக்குத் துணையாக நிற்பவர்களே ஏன் சொல்ல வேண்டும்? இந்த வழக்கில் எனக்கு மிகவும் சுவாரசியமான கேள்வி இதுதான். பதில் தேட வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பக்கோரியில் நடந்தது

வட நைஜீரியாவின் கட்சினா மாநிலத்தில் குராமி என்று ஒரு கிராமம். அமினா லவால் அந்த ஊர்க்காரர், விவாகரத்தானவர், வயது 30-ஐ ஒட்டி. அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கணவன் இல்லாதவளுக்குக் குழந்தை எப்படி என்று கேள்வி எழுந்து, 2002 ஜனவரியில் அவரைக் கைது செய்தார்கள். வழக்கு பக்கோரியில் உள்ள ஷரியா நீதிமன்றத்துக்குப் போனது.

வழக்கறிஞர் யாரும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண். குழந்தையின் தகப்பன் யார் என்று நீதிபதி கேட்டார், அமினா ஒருவரைச் சொன்னார். அந்த ஆள் இல்லவே இல்லை என்று மறுத்து, குர்ஆன் மேல் சத்தியம் செய்தார். நீ போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அமினாவுக்கு மார்ச் மாதம் தீர்ப்பு சொன்னார்கள்: ஜினா, அதாவது திருமணத்துக்கு வெளியிலான உறவு, நிரூபணமாகிவிட்டது. தண்டனை கல்லெறிந்து கொல்லுதல்.

ஒரே குற்றச்சாட்டில் ஒருவர் வீட்டுக்கும் ஒருவர் சாவுக்கும் போனது எப்படி? வட நைஜீரிய முஸ்லிம்கள் பின்பற்றுவது மாலிகி மத்ஹப் (மத்ஹப் என்றால் இஸ்லாமியச் சட்ட மரபு). தமிழ் முஸ்லிம்களுக்குப் பழக்கமான ஷாஃபி, ஹனஃபி வழிகளிலிருந்து இது ஒரு முக்கிய இடத்தில் பிரிகிறது. ஜினாவை நிரூபிக்க நான்கு நேரடி சாட்சிகள் வேண்டும், இல்லையென்றால் சுயமான ஒப்புதல் வேண்டும் என்பது எல்லா மத்ஹபுக்கும் பொது. மாலிகி சட்டம் மூன்றாவதாக ஒன்றையும் ஏற்கிறது: கணவன் இல்லாத பெண்ணின் கர்ப்பம். ஆக, ஆணைக் குற்றவாளியாக்க நான்கு பேர் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. பெண்ணுக்கோ மடியில் இருக்கும் குழந்தையே போதும்.

ஃபுன்டுவா மேல் ஷரியா நீதிமன்றம் 2002 ஆகஸ்ட் 19 அன்று தீர்ப்பை உறுதி செய்தது. அங்கே கூடியிருந்தவர்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கினார்கள். குழந்தை பால்குடி மறக்கும்வரை, அதாவது 2004 ஜனவரி வரை, தண்டனையை நிறுத்தி வைத்தார்கள்.

குசாவுவில் தொடங்கிய அலை

இந்தச் சட்டம் காலங்காலமாக அங்கே இருந்ததல்ல, அமினா கைதானபோது அதற்கு இரண்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை என்பதைப் பல வெளிநாட்டுச் செய்திகள் சொல்லவே இல்லை.

1999 மே 29 அன்று ராணுவ ஆட்சி முடிந்து ஒலுசெகுன் ஒபசாஞ்சோ அதிபரானார். தெற்கத்திக்காரர், யொருபா இனத்தவர், கிறிஸ்தவர். வந்த வேகத்தில் முந்தைய ராணுவ ஆட்சிகளில் பதவி வகித்த அதிகாரிகளை மொத்தமாக ஓய்வில் அனுப்பினார், அவர்களில் வடக்கத்தியர் நிறைய பேர். அதுவரை அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த வடக்கின் மேல்தட்டுக்கு இது பெரிய இழப்பு. அந்தச் சூழலில்தான் 1999 அக்டோபர் 27 அன்று, சம்ஃபாரா மாநிலத்தின் தலைநகரம் குசாவுவில், பெருங்கூட்டத்தின் நடுவே ஆளுநர் அகமது சானி யெரிமா இனி எங்கள் மாநிலத்தில் ஷரியா என்று அறிவித்தார். (நைஜீரியாவில் ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம்மூர் முதலமைச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 2000 ஜனவரியில் சட்டம் அமலுக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் 36 மாநிலங்களில், சம்ஃபாராவையும் சேர்த்து, 12 மாநிலங்கள் அந்த வழிக்கு வந்திருந்தன.

யெரிமா ஒபசாஞ்சோவின் கட்சிக்காரர் அல்ல. அவர் செய்தது அரசியல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் மற்ற ஆளுநர்கள் பலர் விரும்பி இறங்கவில்லை. கானோவின் ரபியு குவான்குவாசோ, கட்சினாவின் உமரு முசா யார்அதுவா எல்லாம் ஒபசாஞ்சோவின் கட்சி. குவான்குவாசோ தயங்கித் தயங்கித்தான் வந்தார். தெருவில் கூடிய கூட்டம் தள்ளியது. 2003 தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர், ஷரியாவை ஒழுங்காக நிறைவேற்றுவேன் என்று வந்த இப்ராஹிம் ஷெகாராவ்.

அந்தக் கூட்டத்தை ஹவுசா மொழியில் தலக்காவா என்பார்கள், பதவியும் செல்வமும் இல்லாத பொதுஜனம். அவர்கள் ஷரியாவில் கண்டது கல்லும் கசையும் அல்ல. திருடாத அமைச்சர், லஞ்சம் வாங்காத நீதிபதி, வருஷக்கணக்கில் இழுக்காத வழக்கு, ஏழைக்கு வந்து சேரும் ஜக்காத் (செல்வர்கள் கொடுக்க வேண்டிய கட்டாய தானம்). பல ஆண்டு ராணுவக் கொள்ளைக்குப் பின் அந்த ஆசையில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாடு திருடியவனின் கை 2000 மார்ச்சிலேயே சம்ஃபாராவில் வெட்டப்பட்டது. கோடிகளை எடுத்தவர்களின் கை எதுவும் வெட்டப்படவில்லை. தலக்காவாவுக்கு இது புரிய ரொம்ப காலம் ஆகவில்லை.

விலையும் உடனே தெரிந்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதியாக வாழும் கடூனாவில் ஷரியா பேச்சு எழுந்ததுமே 2000 பிப்ரவரியிலும் மே மாதத்திலும் கலவரம். குறைந்தது 2,000 பேர் இறந்தார்கள் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு. அந்நகரில் ஆற்றுக்கு வடக்கே முஸ்லிம்கள், தெற்கே கிறிஸ்தவர்கள் என்று மக்கள் இடம்பெயர்ந்து பிரிந்தது அதற்குப் பின்தான்.

மெக்காலே சட்டம் போன தூரம்

இங்கே நமக்குத் தொடர்புள்ள ஒரு சங்கதி. 1804-இல் உஸ்மான் தான் ஃபோடியோ தொடங்கிய ஜிஹாதின் பலனாக உருவான சோகோட்டோ அரசில் மாலிகி சட்டம்தான் ஆட்சி செய்தது. 1903-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். உங்கள் மதத்தில் தலையிட மாட்டோம் என்றார்கள், அமீர்களையும் அல்காலிகளையும் (அங்கே காஜிக்கு அந்தப் பெயர்) அப்படியே விட்டார்கள். ஆனால் கைவெட்டும் கல்லெறியும் கூடாது என்றார்கள். விடுதலை நெருங்கியபோது, மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு ஒரு சட்டம், மற்றவர்க்கு வேறு சட்டம் என்றால் எப்படி என்ற கேள்வி வந்தது. 1958-இல் ஒரு குழு அமைத்தார்கள். சூடான் தலைமை நீதிபதி அபு ரன்னாத், பாகிஸ்தான் நீதிபதி முகமது ஷரீஃப் இருவரும் அதில் இருந்தார்கள். சூடானின் தண்டனைச் சட்டத்தை மாதிரியாகக் கொள்ளலாம் என்று குழு சொன்னது. வடக்கின் பிரதமர் அகமது பெல்லோ ஏற்றார்.

சூடானின் சட்டம் எங்கிருந்து வந்தது? இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து. மெக்காலே வரைந்து 1860-இல் வந்த அதே ஐ.பி.சி. நம் தாலுகா கோர்ட் வாசலில் வக்கீல்கள் பிரிவு எண் சொல்லிப் பேசிய அதே புத்தகம், கார்ட்டூம் வழியாகக் கட்சினா போய்ச் சேர்ந்து 1960 முதல் 40 ஆண்டுகள் ஆட்சி செய்தது.

போகிற வழியில் சில மாற்றங்களும் நடந்தன. ஐ.பி.சி. 497-ஆவது பிரிவு, 2018-இல் நம் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறியும்வரை, பிறன்மனை நாடிய ஆணை மட்டும்தான் தண்டித்தது. மனைவி கணவனின் சொத்து என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம், கருணையல்ல. வட நைஜீரியச் சட்டம் ஆண், பெண் இருவரையும் குற்றவாளியாக்கியது, அதுவும் அவரவர் வழக்காறு அதைக் குற்றமாகக் கருதினால் மட்டும். சிறை அதிகபட்சம் இரண்டு ஆண்டு. முஸ்லிம்களுக்கு கூடுதலாகக் கசையடி உண்டு. ஆகவே 2000-இல் வந்தது முழுக்கப் புதிதும் அல்ல, முழுக்கப் பழசும் அல்ல. கசையடி ஏற்கெனவே இருந்தது. கல் திரும்பி வந்ததுதான் புதிது.

ஆங்கிலேயர் கத்தரித்துவிட்டுப் போன ஷரியாவை முழுசாக மீட்கிறோம் என்பது ஆளுநர்களின் வாதம். 1999 அரசியல் சட்டத்தின் 38-ஆவது பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது, முஸ்லிமுக்கு ஷரியா இல்லாமல் மதச் சுதந்திரம் ஏது என்றார்கள். எதிர்த் தரப்பு 10-ஆவது பிரிவைக் காட்டியது: மத்திய அரசோ மாநில அரசோ எந்த மதத்தையும் அரசு மதமாக ஏற்கக் கூடாது. 277-ஆவது பிரிவையும் காட்டியது: மாநில ஷரியா மேல்முறையீட்டு நீதிமன்றம் திருமணம், வாரிசுரிமை போன்ற சிவில் விவகாரங்களுக்கானது. ஆனால் அதே பிரிவில் மாநிலச் சட்டம் தரும் பிற அதிகாரங்கள் என்றும் ஒரு சொற்றொடர் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 12 மாநிலங்களும் கிரிமினல் வழக்குக்குள் நுழைந்தன.

சம்ஃபாரா சிறுமியும் சஃபியாவும்

அமினாவுக்கு முன்பே இரண்டு வழக்குகள். இரண்டும் வெவ்வேறு பாடம்.

சம்ஃபாராவில் ஒரு பதின்வயதுச் சிறுமி கர்ப்பமானாள். மூன்று ஆண்களைக் குறிப்பிட்டாள். நீதிமன்றம் ஜினாவுக்கு 100 கசையடி, அந்த ஆண்கள் மீது நிரூபிக்க முடியாத பழி சுமத்தியதற்கு இன்னும் 80 என்றது. பாவோபாப் மேல்முறையீட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. வெளிநாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. அந்தக் கடிதங்களை ஆளுநர் பெருமையாகப் பேசிச் சிரித்ததாகவே பாவோபாப் பின்னால் எழுதியது. பழிக்கான 80 அடி கைவிடப்பட்டது. ஆனால் மேல்முறையீடு வருவதற்குள், 2001 ஜனவரி 19 அன்று, சொல்லாமல் கொள்ளாமல் 100 கசையடியையும் நிறைவேற்றிவிட்டார்கள். காஃபிர்களின் கடிதத்துக்குப் பணியாதவர் என்ற பெயர் ஆளுநருக்கு. அடி அந்தப் பெண்ணுக்கு.

அடுத்தது சோகோட்டோ மாநிலத்தின் துங்கார் துடு கிராமத்தைச் சேர்ந்த சஃபியா ஹுசைனி. 2001 அக்டோபரில் குவாதபாவா நீதிமன்றம் அவருக்குக் கல்லெறி தண்டனை விதித்தது. 2002 மார்ச் 25 அன்று சோகோட்டோ ஷரியா மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. சொல்லப்படும் செயல் நடந்தபோது அந்தச் சட்டமே மாநிலத்தில் அமலுக்கு வரவில்லை என்பது ஒரு காரணம். சஃபியா விடுதலையான அதே மாதத்தில்தான், இன்னொரு மாநிலத்தில், அமினாவுக்குத் தண்டனை விழுந்தது.

அப்போது மத்திய நீதி அமைச்சர் கனு அகாபி ஷரியா மாநில ஆளுநர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே குற்றத்துக்கு மற்ற நைஜீரியர்களைவிட முஸ்லிம்களுக்குக் கடுமையான தண்டனை என்றால் அது பாகுபாடு, அரசியல் சட்டத்துக்கு முரண் என்று எழுதினார். நல்ல வாதம். இஸ்லாமை எதிர்க்காமல் முஸ்லிம் குடிமகனின் உரிமையிலிருந்து பேசும் வாதம். ஆளுநர்கள் அதைக் குப்பையில் போட்டார்கள். மத்திய அரசும் அதற்கு மேல் ஓரடி எடுத்துவைக்கவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. இது அரசியல் ஷரியா, தானாக அடங்கிவிடும் என்பது ஒபசாஞ்சோவின் கணிப்பு. 2003 ஏப்ரலில் தேர்தல். வடக்கின் ஓட்டு இல்லாமல் அதிபராக முடியாது. கடூனாவின் பிணங்கள் வேறு கண்முன். கோழைத்தனமா, விவேகமா என்று கேட்டால் இரண்டும் கலந்தது என்றுதான் சொல்வேன்.

அழகிப் போட்டி

2001-இல் நைஜீரியாவின் அக்பானி தரேகோ உலக அழகி ஆனார். அதனால் 2002 போட்டி தலைநகர் அபுஜாவில் நடப்பதாக இருந்தது. அமினாவின் தண்டனையைக் கண்டித்துச் சில நாட்டு அழகிகள் வரமாட்டோம் என்றார்கள். யாரையும் கல்லெறிந்து கொல்ல விடமாட்டோம் என்று மத்திய அரசு உறுதி தந்து சமாளித்தது. ரம்ஜான் மாதத்தில் இப்படிப் போட்டி நடத்துவதா என்ற எரிச்சல் வடக்கில் ஏற்கெனவே இருந்தது. நவம்பர் 16 அன்று ஒரு நாளிதழில் வந்த கட்டுரையில், நபிகளைப் பற்றிக் கிண்டல் தொனியில் ஒரு வரி. கடூனாவில் அந்தப் பத்திரிகையின் அலுவலகம் எரிந்தது. அப்புறம் சர்ச்சுகள், மசூதிகள், வீடுகள். 200-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். போட்டியை லண்டனுக்கு மாற்றினார்கள். எழுதிய இளம் நிருபர் நாட்டைவிட்டே வெளியேறினார். அவரைக் கொல்லலாம் என்று சம்ஃபாராவின் துணை ஆளுநர் பகிரங்கமாகச் சொன்னார்.

அமினாவின் மேல்முறையீடு இன்னொரு பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இப்போது கட்சினா நீதிபதிகள் அவரை விடுவித்தால் அழகிகளுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் பயந்து விடுவித்தார்கள் என்று ஊர் பேசும். பாவோபாபின் கவலை இதுதான்.

மடலில் இருந்தது

அந்த மே மாத மடலைச் சுருக்கினால் மூன்று விஷயம் தேறும். முதலாவது, சுற்றில் இருக்கும் மின்னஞ்சல் பொய். நைஜீரிய உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்துவிட்டது, இத்தனையாம் தேதி கல்லெறியப் போகிறார்கள் என்று அதில் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் பக்கமே போகவில்லை. மாநில மேல்முறையீட்டுக்குத்தான் காத்திருந்தது. பொய்யான விவரத்தோடு போராடினால், நாளைக்கு உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது, இஸ்லாமே காட்டுமிராண்டித்தனம் என்ற தொனியில் எழுதுவது, ஷரியாவை விமர்சிக்கிற உள்ளூர் முஸ்லிம் பெண்களைத்தான் முதலில் தாக்கும். மேற்கின் கைக்கூலி என்று ஒரே சொல்லில் அவர்களை வாயடைத்துவிடலாம். சம்ஃபாரா சிறுமியின் கதையை அவர்கள் மறக்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மன்னிப்பு வாங்கித் தராதீர்கள், எங்களுக்கு வேண்டியது தீர்ப்பு என்றார்கள். ஆளுநர் மன்னித்தார் என்றால் அவள் குற்றவாளிதான், போகட்டும் என்று விட்டார்கள் என்று பொருள். மேல் நீதிமன்றம் விடுவித்தால் அவள் குற்றமே செய்யவில்லை என்று பொருள், அது அடுத்து மாட்டப்போகிற பெண்ணுக்கும் உதவும். நாங்களும் தோழமை அமைப்புகளும் எடுத்த மேல்முறையீடுகளில் இதுவரை ஒன்றுகூடத் தோற்கவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

வெளியிலிருந்து வந்த அழுத்தத்தால் பலனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மத்திய அரசு வாய்திறந்து உறுதி கொடுத்தது உலகம் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். ஆனால் அபுஜாவை அசைத்தது கட்சினாவை இறுக்கியது. அபுஜாவால் தீர்ப்பு எழுத முடியாது.

தூங்கும் கரு

ஹவ்வா இப்ராஹிம், அலியு மூசா யவூரி முதலான வழக்கறிஞர்கள் கட்சினா ஷரியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வைத்த வாதங்களில் மனித உரிமைப் பிரகடனம் முன்வரிசையில் இல்லை. கல்லெறிவது கொடுமை என்றோ, இந்தச் சட்டமே செல்லாது என்றோ அவர்கள் மோதவில்லை. மாலிகி நூல்களையும் ஹதீஸையும் (நபிகளின் சொல்லும் செயலும் பற்றிய பதிவுகள்) விரித்துவைத்து, ஐயா, உங்கள் சட்டத்தைக் கீழ் நீதிமன்றம் சரியாகப் பின்பற்றவில்லை என்றார்கள்.

2003 செப்டம்பர் 25 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அதை ஏற்று அமினாவை விடுதலை செய்தார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

காரணங்களைப் படித்தால் எவ்வளவு சாதாரணம் என்று தோன்றும். பக்கோரியில் ஒரே ஒரு நீதிபதி உட்கார்ந்து விசாரித்தார். மாநிலச் சட்டப்படி கூடவே உறுப்பினர்களும் இருந்திருக்க வேண்டும். ஆக அந்த நீதிமன்றமே முறைப்படி அமையவில்லை. ஜினா என்றால் என்ன, ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று அமினாவுக்கு யாரும் விளக்கவில்லை. பக்கோரியில் அவர் தந்ததாகச் சொன்ன ஒப்புதலையும் ஒரு முறைதான் கேட்டார்கள், நான்கு முறை தனித்தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். இங்கே மாயிஸின் ஹதீஸ் துணைக்கு வருகிறது. தன் குற்றத்தைத் தானே வந்து சொன்ன மாயிஸை நபிகள் திரும்பத் திரும்ப முகம் திருப்பி அனுப்பினார், நான்கு தடவை சொன்ன பிறகுதான் விசாரித்தார் என்பது அது. ஒப்புக்கொண்டவர் தண்டனை நிறைவேறும்வரை எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்பதும் மாலிகி விதி. அமினா திரும்பப் பெற்றதை ஃபுன்டுவா ஏற்காதது பிழை. நான்கு சாட்சி இல்லாமல் ஒரு பெண் மீது இந்தக் குற்றத்தைச் சுமத்த போலீசுக்கு என்ன வேலை என்றும் தீர்ப்பு கேட்டது. குர்ஆன்படி அப்படிச் சுமத்துபவருக்குத்தான் 80 கசையடி.

சரி, குழந்தை? மாலிகியில் கர்ப்பமே ஆதாரம் ஆயிற்றே. அதற்கும் மாலிகியிலேயே மாற்று இருந்தது. ஹவுசாவில் குவான்டாச்சே என்பார்கள், தூங்கும் கரு. கரு வயிற்றில் உறங்கிப்போய் ஆண்டுகள் கழித்துப் பிறக்கலாம் என்பது பழைய நம்பிக்கை. வட ஆப்பிரிக்கா முழுக்க மாலிகி நாடுகளில் இது உண்டு. நைஜீரிய நீதிமன்றங்கள் ஏற்கும் வரம்பு ஐந்து ஆண்டு. விவாகரத்தாகி ஐந்து ஆண்டுக்குள் பிறந்த குழந்தையை முன்னாள் கணவனின் குழந்தை என்று கொள்ளலாம். அமினா அந்தக் கணக்குக்குள் வந்தார். சந்தேகம் இருந்தால் ஹத்து தண்டனை (மார்க்கம் நிர்ணயித்த தண்டனை) கிடையாது.

மருத்துவம் படித்தவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். ஒன்பது பத்து மாதத்தைத் தாண்டி ஐந்து வருஷமா? ஆனால் அந்தப் பழைய ஃபுகஹாக்கள், அதாவது சட்ட அறிஞர்கள், இதை எதற்காக வைத்திருந்தார்கள் என்று யோசித்தால் சிரிப்பு அடங்கும். கர்ப்பத்தை ஆதாரம் ஆக்கிய அதே மரபு, அந்த ஆதாரம் கொல்லாமலிருக்க ஒரு பின்வாசலையும் திறந்து வைத்தது. பெண் தப்புவாள், குழந்தைக்கும் தகப்பன் பெயர் கிடைக்கும். இங்கே அறிவியல் வந்தால் என்ன ஆகும்? டி.என்.ஏ. சோதனை ஒன்று போதும், தூங்கும் கரு விழித்துக்கொள்ளும், அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். சோதனை செய்து அந்த ஆளையும் பிடியுங்கள் என்று நல்லெண்ணத்தோடு கேட்டவர்கள் இருந்தார்கள். வழக்கறிஞர்கள் அந்தப் பக்கம் போகாததில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

ஹவ்வா இப்ராஹிமுக்கு 2005-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சகரோவ் பரிசு கிடைத்தது, வேறு இரண்டு தரப்போடு பகிர்ந்து.

தீராமல் விட்டது

இந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. வழிமுறைப் பிழையால் விடுதலை என்றால், வழிமுறை சரியாக இருந்தால் கொல்லலாம் என்று ஆகிறது. கல்லெறி தண்டனை அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதா, சித்திரவதையையும் இழிவான தண்டனையையும் தடுக்கும் 34-ஆவது பிரிவு என்ன ஆனது, இந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே கிரிமினல் வழக்கைக் கேட்க அதிகாரம் உண்டா, எதற்கும் பதில் இல்லை. அமினா தோற்றிருந்தால் இந்தக் கேள்விகள் மேலே போயிருக்கும். ஆனால் கேள்வி மேலே போவதற்காக ஒரு பெண் தோற்க வேண்டும் என்று எந்த வக்கீல் கேட்பார்? அவர்களுக்குக் கட்சிக்காரர் அமினா, அரசியல் சட்டம் அல்ல. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் தூங்கும் கருவைத்தான் எழுப்பாமல் விட்டிருப்பேன்.

கல்லெறி தண்டனை இந்த மாநிலங்களில் நிறைவேற்றப்பட்டதில்லை. வீச்சு மெல்லக் குறைந்து, ஷரியா அன்றாட வாழ்க்கைக்குள் இறங்கியது. கானோவில் ஹிஸ்பா என்ற ஒழுக்கக் காவல் படை மது லாரிகளை மறித்தது. பெண்கள் ஆண் ஓட்டும் மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் ஏறக் கூடாது என்று சொல்லி, ஷெகாராவ் அரசு மூன்று சக்கர வண்டி விட்டது. அரசின் ஒழுக்கப் பிரச்சாரத்தின் பெயர் அதாய்தாய்தா சாஹு, தொழுகை வரிசையை நேராக்கு என்பது போன்ற பொருள். இன்று கானோவில் ஆட்டோவுக்கே அதுதான் பெயர். ஆணும் பெண்ணும் அதில் நெருக்கியடித்துப் போகிறார்கள். வண்டிகளில் பஜாஜும் உண்டு, ஓசூரின் டி.வி.எஸ்ஸும் உண்டு. யெரிமா செனட்டர் ஆனார். 13 வயது என்று சொல்லப்பட்ட எகிப்தியச் சிறுமியை 2010-இல் மணந்தது பெரிய விவகாரமாகி, எதுவும் நடக்காமல் ஓய்ந்தது. கட்சினாவின் யார்அதுவா 2007-இல் நாட்டுக்கே அதிபரானார்.

தீராத கேள்வி 2020-இல் கானோவில் மறுபடி எழுந்தது. வாட்ஸ்அப்பில் பகிர்ந்த ஒரு பாட்டு நபிகளை அவமதிக்கிறது என்று யஹாயா ஷரீஃப்-அமினு என்ற பாடகருக்கு ஷரியா நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 2021 ஜனவரியில் கானோ உயர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. காரணம், விசாரணையில் அவருக்கு வழக்கறிஞர் இல்லை. மறுவிசாரணை வேண்டாம், சட்டமே செல்லாது என்று சொல்லுங்கள் என்று இந்த முறை அவருடைய தரப்பு மேலே போனது. 2022 ஆகஸ்டில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் கானோவின் ஷரியா தண்டனைச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஏப்ரலில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் நீதிமன்றம், கானோவின் மத நிந்தனைச் சட்டம் மனித உரிமைக்கு முரணானது என்று நேர் எதிராகச் சொன்னது.

இதற்கிடையே 2022-இல் பௌச்சி மாநிலத்தின் நிங்கியில், ஓரினச் சேர்க்கை குற்றத்துக்காக மூன்று ஆண்களுக்குக் கல்லெறி தண்டனை விதித்தார்கள். பக்கோரிக்கு 20 ஆண்டு கழித்து. அந்த மூவருக்கும் விசாரணையில் வழக்கறிஞர் இல்லை.